வன்னியில் போனவன்

மாலா அக்கா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் இதுதான் கண்ணில் நிற்கிறது.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் அவள் வீட்டு வாசல். தீபாவளி முடிந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வாங்கி வந்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. நனைந்த வலையின் வாடையும் அந்த டீயின் இஞ்சி மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின.

மாலா அக்கா என் தாய்மாமன் மகள். அவள் கணவர் தேசப்பன்; எனக்கு தேசு மாமா. அவருடைய பைபர் படகு முந்தின நாள் விடியலில் போனது. அன்று மதியமே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கூடப் போன இரண்டு பேருடைய போனுக்கும் மணி அடிக்கவில்லை.

அக்கா அதுவரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் கெஞ்சினேன், அதட்டினேன், சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். எதுவும் நடக்கவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு பவுனு அக்கா வந்து உட்கார்ந்தாள். குப்பத்தில் எல்லாச் சண்டைக்கும் முதல் ஆளாகவும் எல்லாப் பிரசவத்துக்கும் முதல் ஆளாகவும் வந்து நிற்பவள். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"இன்னாத்துக்குடி மூஞ்ச இப்டி வெச்சிக்கினு கீற? அலைகட்டியே வன்னில போனவன்தானடி."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம், ஆமாம் என்றார்கள். மாலா அக்கா மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என்னைப் பார்த்து, "சோறு போடு ரேவு" என்றாள்.

போட்டேன். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

ஏனென்றால் அலைகட்டி யார் என்று எனக்குத் தெரியும். அந்த மந்திரவாதியைப் பற்றி இரண்டு நாவல்கள் எழுதி, மூன்றாவதையும் முடித்து அச்சுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். வன்னி என்றால் என்ன என்பதும் எனக்குத் தெரியும். வன்னி என்றால் நெருப்பு. கடலில் புருஷனைக் காணாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், 'அவ்வளவு பெரிய மந்திரவாதியே தீயில் எரிந்துதான் போனான்' என்று சொல்வதா? அதைக் கேட்டுவிட்டு இவள் சோறு சாப்பிடுகிறாளா?

யார் இந்த அலைகட்டி

என் நாவல்களைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் குப்பங்களில் அலைகட்டியின் கதையை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். மீன் தரம் பிரிக்கும்போது ஒரு துண்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது ஒரு துண்டு. துறைமுகமோ புகைபோக்கிகளோ இல்லாத காலம். கழிமுகத்தில் ஒரு மந்திரவாதி இருந்தான். அவனிடம் கோலும் இல்லை, மண்டை ஓடும் இல்லை. இடுப்பில் ஒரு சுருணை வலைக்கயிறு மட்டும். அதில் முடிச்சுப் போட்டால் அலை அப்படியே எழுந்து சுவராக நிற்கும். பிள்ளைகள் அதற்கு அடியில் நடந்து அக்கரைக்குப் போவார்கள். அண்ணாந்து பார்த்தால் மீன்கள் வயிறு தெரிய நீந்தும்.

அவனை ஒரு அரசன் கூப்பிட்டனுப்பினான். எதிரியின் கப்பல்களை மூழ்கடிக்கச் சொன்னான். கப்பலுக்குள் இருப்பவர்களும் கடல்காரர்கள்தான் என்று அலைகட்டி மறுத்துவிட்டான். அதன்பிறகு என்ன ஆனது என்று கேட்டால் எல்லோரும் ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள்: அலைகட்டி வன்னியில போனான்.

நான் வளர்ந்தது விம்கோ நகரில். அப்பா ஒரு தொழிற்சாலையில் பிட்டர். எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் ஷிப்டு, போனஸ், மோட்டார் தண்ணீர் பற்றித்தான். கடல் எனக்கு விடுமுறைக்குப் போகும் இடம். கதையின் முதல் பாதியைக் குப்பத்தில் கேட்டேன். அந்தக் கடைசிச் சொல்லின் பொருளைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன்.

தமிழாசிரியை கரும்பலகையில் எழுதிப் போட்டார்: தீ, அழல், கனல், எரி, தழல், வன்னி. எனக்குப் பட்டியல் என்றால் உயிர். வீட்டுக்கு வந்து அதைச் சுவரில் ஒட்டினேன். ஒட்டும்போதே உடம்பு சிலிர்த்தது. அப்படியானால் அலைகட்டியை எரித்துவிட்டார்களா!

என் மூன்று நாவல்களும் அந்தச் சிலிர்ப்பிலிருந்துதான் பிறந்தன.

அவனால் முடியாதவை

நான் பிழைப்புக்குச் செய்வது இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை. எண்ணூரில் ஒரு ஆலையில் பெரிய பெரிய டேங்குகளுக்குள் எவ்வளவு திரவம் நிற்கிறது என்று காட்டும் கருவிகளைச் சரிபார்ப்பது. டேங்கைத் திறந்து எட்டிப்பார்க்க முடியாது. கருவி சொல்வதைத்தான் நம்ப வேண்டும். அதனால் கருவியை நம்பலாமா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாவல் எழுத உட்கார்ந்தபோதும் அந்தப் புத்திதான் முன்னால் வந்து நின்றது. மந்திரவாதி என்று ஒருவனை எடுத்துக்கொண்டால், அவனால் என்ன முடியும் என்று எழுதுவதைவிட என்ன முடியாது என்று எழுதுவதுதான் முக்கியம். எல்லாம் முடிந்தவனுக்கு ஏது கதை? ஆகவே முதல் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே அதற்கு ஒதுக்கினேன். அலைகட்டியால் மழையை நிறுத்த முடியாது. செத்தவர்களை எழுப்ப முடியாது. மீனைக் கூப்பிட முடியாது. (இதைப் படித்துவிட்டு தேசு மாமா, "அப்பால அவன் இன்னா மந்திரவாதி?" என்று கேட்டார்.) கட்டிய அலையை அந்தி சாய்வதற்குள் அவிழ்த்துவிட வேண்டும். அலையை மட்டும்தான் கட்டலாம். ஓடுகிற நீரைக் கட்ட முடியாது.

கடைசி விதியை ஏன் எழுதினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. பட்டியல் இன்னும் ஒன்றைக் கேட்பது போலிருந்தது. எழுதினேன்.

ஷாஹினாவின் தீர்ப்பு

என் புத்தகங்களுக்கு எடிட்டர், ப்ரூப் ரீடர், திட்டுபவள் எல்லாம் ஷாஹினாதான். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு. வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அத்தா ராயபுரத்தில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, மருந்துக்கடை பில், கட்சிக்காரர்களின் நோட்டீசு என்று ஓடும் அந்த மிஷினில் இடையிடையே என் மந்திரவாதியும் ஓடுவான்.

மூன்றாவது நாவலின் கடைசி நாலு அத்தியாயங்களை அவள் அச்சகத்து ஸ்டூலில் குந்திக்கொண்டு ஒரே மூச்சில் படித்தாள். அரசனின் ஆட்கள் கடற்கரையில் சிதை அடுக்குகிறார்கள். அலைகட்டி கயிற்றைக் கழற்றி மனைவி காத்தாயியிடம் கொடுத்துவிட்டுத் தானே நடந்து வன்னிக்குள் போகிறான். ஷாஹினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி. கொன்னுட்டியேடி" என்றாள். "இத்த மட்டும் மாத்தாத. இவன் செத்தாத்தான் புக்கு நிக்கும்."

அத்தா உள்ளிருந்து கேட்டார்: "யாரும்மா மவுத்து?"

"மந்திரவாதி, அத்தா!"

"ஓ, அந்தாளா? பாவம், நல்ல மனுசன்" என்றார் அத்தா. மிஷின் சத்தத்தில் அடுத்தது கேட்கவில்லை.

எந்த ஊரில் கரை ஏறுவான்

மாலா அக்கா என் புத்தகங்களைப் படிக்கும் விதமே தனி. தனியாகப் படிக்க மாட்டாள். ஏலம் முடிந்து ஐஸ்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மற்ற பெண்களுக்கும் சேர்த்துச் சத்தமாகப் படிப்பாள். புத்தகத்தில் செதில் ஒட்டியிருக்கும். பிடிக்காத இடத்தில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடுவாள்.

"இந்தா ரேவு, உன் ஆளு இன்னாத்துக்கு எப்பப் பாரு கோயில் மைக்ல பேசுறா மாரியே பேசிக்கினு கீறான்? 'அன்பே, எனக்குப் பசிக்கின்றது'. பசிச்சா ஒருத்தன் இப்டியா பேசுவான்?"

"சரித்திர நாவல்னா அப்டித்தான்க்கா பேசணும்."

"யாரு சொன்னது?"

யார் சொன்னார்கள் என்று யோசித்தேன். யாரும் சொல்லவில்லை. கழிமுகத்தில் பிறந்து, வலைக்கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிந்தவனை நான்தான் இலக்கணம் பேச வைத்திருந்தேன். இரண்டு புத்தகம் முழுக்க அவன் ஒரு தடவைகூட 'இன்னா' என்று கேட்டதில்லை.

இரண்டாம் புத்தகத்தின் கடைசி வரி இது: 'வன்னி என்னை அழைக்கும் நாளில் நான் மறுக்கமாட்டேன்.' நான் மிகவும் பெருமைப்பட்ட வரி. மூன்றாவதில் நடக்கப்போகும் மரணத்துக்கு முன்கூட்டியே அடித்துவைத்த மணி.

அதைப் படித்த அன்றைக்கு அக்கா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பால அவன எந்த ஊர்ல கரை ஏத்தப் போற?"

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். கரையேறுதல். பிறவிக் கடலைத் தாண்டுதல். எரிந்துபோகிறவனின் ஆன்மா எங்கே போய்ச் சேரும் என்று இவள் கேட்கிறாள்! ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து என்ன ஒரு கேள்வி என்று நெகிழ்ந்துபோனேன்.

"அத அவன்தான்க்கா முடிவு பண்ணணும்" என்றேன் ரொம்ப ஆழமாக.

"ஐயே, அவன் இன்னா முடிவு பண்றது? கோவளமா, சதுரங்கப்பட்டினமா, நீதான சொல்லணும்?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் திருப்தியாகப் போனை வைத்தோம்.

தெற்கே மட்டும் அடித்த போன்கள்

வாசலுக்குத் திரும்புகிறேன். தார்ப்பாய், மழை, தட்டு.

சாப்பிட்டுக் கை கழுவிய மாலா அக்கா வேறு ஆளாகிவிட்டாள். தலையை அள்ளி முடிந்தாள். தேடப்போன படகுகளுக்கு டீசல் போதுமா என்று விசாரித்தாள். கூடப் போனவர்களில் ஒருவனின் அம்மா அழுதபோது, அவளையும் பிடித்து உட்காரவைத்து வாயில் சோற்றை வைத்தாள்.

நான் என் வழக்கப்படி செய்ய வேண்டியவற்றை வரிசையாக மனதில் அடுக்கினேன். கடலோரக் காவல் ஆட்களுக்குத் தகவல் போயாயிற்று. மீன்வளத் துறைக்குச் சொல்லியாயிற்று. அடுத்து எல்லாக் குப்பத்துக்கும் போன் போட வேண்டும். எழுந்து ஊர்க்கூடத்துக்குப் போனால், ஆண்கள் ஏற்கெனவே போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். காசிமேடு, பட்டினப்பாக்கம், கோவளம், இன்னும் கீழே தெற்கில்.

"வடக்க யாராச்சும் பேசினீங்களா? பழவேற்காடு?" என்று கேட்டேன்.

ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அங்க இன்னாத்துக்கு பாப்பா?" என்றார், சாதாரணமாக. பிறகு அடுத்த நம்பரைப் போட்டார்.

சொந்தக்காரர்கள் தெற்கே அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். இதுவும் என் கண் முன்னால் கிடந்தது. இதையும் நான் மிதித்துக்கொண்டுதான் வந்தேன்.

மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்தபோது மாலா அக்காவின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

அக்கா போனைக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருந்த காக்காய் பறந்தது.

"யோவ்! எங்கய்யா கீற நீ? துன்னியா? அவனுங்க ரெண்டு பேரும்? போட்டு கெடக்குது வுடு, போட்டு யாருக்கு வேணும்! ...இன்னா? ...வன்னி இஸ்துக்கினு போச்சா? அதான்யா நானும் சொல்லிக்கினே கீறேன்! வன்னில போனவன் கீழதான் கரை ஏறுவான்னு!"

பவுனு அக்கா கன்னத்திலிருந்த வெற்றிலையை வாசலுக்கு வெளியே துப்பினாள். "நான் சொல்லல?" என்றாள் பொதுவாக எல்லோரையும் பார்த்து.

எல்லோரும் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அழுத அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதாள். நான் மட்டும் காலித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வன்னி இஸ்துக்கினு போச்சு. நெருப்பு எப்படி ஒருவனை இழுத்துக்கொண்டு போகும்?

ஜீரோ எங்கே இருந்தது

சந்தோஷச் சத்தம் அடங்கியதும் மாலா அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, வன்னின்னா இன்னா?"

"இன்னா கேள்வி இது? வன்னிதான்."

"அதான், இன்னா அது?"

அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "வெயில் ஏறிச்சா உனக்கு? கடல்ல தண்ணி ஓடும்ல? வடக்கேர்ந்து கீழ ஓடினா வன்னி. கீழேர்ந்து வடக்க ஓடினா தெண்டி. மழ காலத்துல வன்னி."

எங்கள் வேலையில் ஒரு பிழை உண்டு. கருவி நன்றாகவே இருக்கும். ஆனால் ஜீரோவை ஆரம்பத்திலேயே தப்பான இடத்தில் வைத்திருப்போம். அப்புறம் அது காட்டும் ஒவ்வொரு அளவும் ஒழுங்காக, அழகாக, ஒரே மாதிரி தப்பாக இருக்கும். எந்த அளவும் இன்னொன்றோடு முரண்படாது. அதனால் சந்தேகமே வராது.

எனக்கு ஜீரோ அந்தக் கரும்பலகையில் இருந்தது.

அலைகட்டி எரியவில்லை. அவன் நீரோட்டத்தில் போனான். குப்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக, படகு வராத வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்லிவந்தது ஒரு மரணச் செய்தி அல்ல. ஆள் எங்கே இருப்பான் என்கிற தகவல். தெற்கே தேடு, காலம் திரும்பினால் தெண்டி ஓடும், அவன் வருவான். சோறு சாப்பிடலாம்.

மாலா அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன். நான் எப்படிப் புரிந்துகொண்டிருந்தேன், மூன்றாவது புத்தகத்தை எப்படி முடித்திருக்கிறேன் என்று. அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள்.

"எரிச்சிட்டியா?"

"ம்."

"அலைகட்டியவா?"

"ஆமாக்கா."

அவள் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "ஏ பவுனு! இங்க வா! இவ அலைகட்டிய கொளுத்திக் கீறாடி!"

அன்றைக்குக் குப்பம் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். முந்தின நாளிலிருந்து தேக்கி வைத்திருந்த பயமெல்லாம் என் தலையில் சிரிப்பாகக் கொட்டியது. கொட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு மாலா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பில்லாத குரலில் சொன்னாள்:

"என் ஆளு வந்துக்கினு கீறான். உன் ஆள நீதான் கூட்டியாரணும்."

ராயபுரத்தில் ஒரு சண்டை

ஷாஹினா கையில் அச்சுப் பிளேட்டுக்குப் போகத் தயாரான பக்கங்கள். அவள் முன்னால் நான்.

"பேஜாரு பண்ணாத ரேவு. ரெண்டு புக்கு வித்தாச்சு. படிச்சவன் வூட்ல கீது. முழுக்க நெருப்பு நெருப்புன்னு எழுதிட்டு, இப்ப வந்து தண்ணின்னா?"

"நெருப்புனு எழுதல. வன்னினு எழுதியிருக்கேன்."

"எல்லா எடத்துலயுமா?"

தெரியவில்லை. கணினியில் இரண்டு நாவல்களையும் திறந்து தேடினோம். அடுப்பு எரிந்த இடத்தில் தீ என்று இருந்தது. பந்தம் எரிந்த இடத்தில் நெருப்பு என்று இருந்தது. அலைகட்டியின் முடிவைப் பற்றிய பேச்சு வந்த ஒவ்வொரு இடத்திலும் வன்னி, வன்னி, வன்னி. அழகான சொல் கையில் இருக்கிறதே என்று நான் ஆடிய ஆட்டம். 'வன்னி என்னை அழைக்கும்.' 'வன்னியின் வழியை யார் தடுப்பது?' 'வன்னி வாங்கிக்கொண்டதைக் கேட்டுப் பெற முடியாது.' படிக்கப் படிக்க ஷாஹினாவின் புருவம் ஏறியது. ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. எல்லா வரிகளும் நீரோட்டத்துக்கு முன்பைவிட நன்றாகவே பொருந்தின. ஓடுகிற நீரைக் கட்ட முடியாது என்ற அந்தக் கடைசி விதி உள்பட. அலையைக் கட்டுகிறவன் தன்னைக் கொடுக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

மாலா அக்கா இரண்டு வருடமாக இந்தப் புத்தகத்தைத்தான் படித்துவந்திருக்கிறாள். நான் எழுதியதாக நினைத்த புத்தகத்தை அல்ல.

"இரு, இரு" என்றாள் ஷாஹினா. விரல் திரையில் நின்றது. இரண்டாம் புத்தகம், கனவு அத்தியாயம்: 'வன்னியின் வெம்மை அவன் முகத்தில் அறைந்தது.'

"இது? தண்ணில ஏதுடி வெம்மை?"

மாலா அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். பிரச்சினையை விளக்கினேன். அந்தப் பக்கம் அக்கா மீனை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு அவனுக்கு ஜொரம்னு அடுத்த புக்குல ஒரு வரி எழுதிடேன்" என்றாள் அக்கா.

ஷாஹினா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கடைசி நாலு அத்தியாயங்களைக் காகிதக் கட்டிலிருந்து உருவி எடுத்தாள். தான் அழுத பக்கங்கள் என்பதால் தூக்கிப் போடாமல் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"சீக்கிரம் எழுதிக்கினு வா. மிஷின் சும்மா நிக்குது."

அத்தா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மறுபடியும் யாராச்சும் மவுத்தா?"

"இல்ல அத்தா. பொழச்சிக்கினாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அத்தா. நிஜமாகவே சந்தோஷப்பட்டது போல் இருந்தது.

பேர் மறந்த ஊர்க்காரன்

எப்படி எழுதுவது என்று கேட்க, ஊர் திரும்பியிருந்த தேசு மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. முகம் கறுத்திருந்தது. ஆனால் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தோணுச்சு மாமா அப்போ?"

"ஒண்ணியும் தோணல. இன்ஜின் போச்சு. நங்கூரம் நிக்கல. துடுப்பு போட்டுப் பாத்தோம், வன்னிகூட சண்ட போட முடியல. சரி, இஸ்துக்கினு போறியா போன்னு குந்திட்டோம். தண்ணி இருக்கறத சொட்டு சொட்டா குடிச்சோம். கரை தெரிஞ்சப்ப துடுப்பு போட்டோம்."

"கரையில?"

அதற்கு மாலா அக்கா முந்திக்கொண்டாள். அவளுக்கு இந்த இடம்தான் பிடித்தது. "அத்தக் கேளு! அங்க ஒரு அம்மா கஞ்சி குடுத்து, எந்த ஊருய்யான்னு கேட்டுக் கீது. இவுருக்கு ஊர் பேரே வர்ல! இவ்ளோ நீட்டு பேரு, முகத்துவாரக்குப்பம், வாய்ல வர்லயாம். இன்னா சொன்னாரு தெரியுமா?"

"ஏய், சும்மா இருடி" என்றார் மாமா. அவள் சும்மா இருக்கவில்லை, சொன்னாள். நான் அதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

புதிய கடைசி அத்தியாயம் சின்னது. அரசனின் ஆட்கள் கரையில் காத்திருக்கிறார்கள். அலைகட்டி கயிற்றைக் கழற்றிக் காத்தாயியிடம் கொடுக்கிறான். முடிச்சு எதுவும் போடாமல் தண்ணீரில் இறங்குகிறான். வன்னி அவனைக் கொண்டுபோகிறது. அரசனின் ஆட்கள் அவன் மூழ்கிவிட்டான் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். காத்தாயி வீட்டுக்குப் போய் உலை வைக்கிறாள்.

தெற்கே, பேர் தெரியாத ஒரு கரை. ஒரு பெண் அவனைத் தூக்கி உட்காரவைக்கிறாள். கஞ்சி தருகிறாள். எந்த ஊர் என்று கேட்கிறாள். அவனுக்கு ஊர்ப் பெயர் வரவில்லை. அரசவையில் பேசிய சொற்கள், என்னிடம் கற்ற இலக்கணம், எதுவும் வரவில்லை. உப்பில் வெடித்த உதட்டைத் திறந்து வடக்கே கை காட்டுகிறான்.

அவன் சொல்கிற கடைசி வரியைப் படித்துவிட்டு ஷாஹினா கேட்டாள்: "அந்தக் காலத்துல இப்டி பேசுனாங்களாடி?"

"அந்தக் காலத்துல மைக்கும் இல்ல" என்றேன்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். ஏலம் முடிந்திருந்தது. மாலா அக்கா ஐஸ்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். முதலிலிருந்து படி என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பவுனு அக்காவும் மற்றவர்களும் கூடை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். தேசு மாமா கொஞ்சம் தள்ளி, புது இன்ஜினைத் துடைக்கிற சாக்கில், காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

அக்கா சத்தமாகப் படித்தாள். கடைசி வரி வந்தபோது அவள் குரல் படிக்கிற குரலாக இல்லை. வீட்டில் பேசுகிற குரலாகிவிட்டது.

"'பசிக்குது. எங்க வூடு அப்டி வடக்கால கீது.'"

அக்கா புத்தகத்தை மூடி, அட்டையில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினாள். பிறகு பெட்டியிலிருந்து இறங்கினாள்.

"வா ரேவு" என்றாள். "சோறு துன்னலாம்."